நீலகிரியில் வீடு வாங்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்

குன்னூர் பக்கம் ஒரு பழைய வீட்டை வாங்கி முடிப்பதற்குள் எங்கள் குடும்பம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இத்தனைக்கும் பட்டா விற்பவர் பெயரில் இருந்தது, ஈசி என்கிற வில்லங்கச் சான்றில் ஒரு வில்லங்கமும் இல்லை, தாய்ப் பத்திரம் (சொத்தின் முந்தைய உரிமைப் பத்திரம்) வரை ஒரிஜினல் கையில் இருந்தது. கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ என்றால் இதோடு வேலை முடிந்திருக்கும். மலையில் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அந்த நிலத்தில் வீடு இருக்க அனுமதி உண்டா, அந்த வீட்டுக்குப் போகிற வழி யாருடையது, நல்ல மழைக்கு அந்த மண் நிற்குமா, இதில் எதுவும் ஈசியில் வராது. புரோக்கரும் தானாகச் சொல்ல மாட்டார். அதனால் எந்த வரிசையில் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன். கொடைக்கானலில் தேடுபவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. வீட்டைப் பார்ப்பதற்கு முன் நிலத்தின் ரகத்தைப் பாருங்கள்

வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டால், ஜன்னலைத் திறந்ததும் தெரிகிற தேயிலைச் சரிவிலும் மூடுபனியிலும் மனசு விழுந்துவிடும், அப்புறம் யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. எனவே முதலில் சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். தமிழக அரசின் இணையவழி நிலச் சேவைத் தளத்தில் பட்டா, ஏ-பதிவேடு (நிலத்தின் ரகத்தைச் சொல்லும் கிராமப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். நகராட்சி எல்லை என்றால் நகர நில அளவைப் பதிவேடு. எண்ணைக் கொடுக்கத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேசுவதில் பிரயோஜனமில்லை.

ஏ-பதிவேட்டில் புறம்போக்கு என்று இருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். அரசு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டா என்றால், யாருக்கு விற்கலாம், எத்தனை வருஷம் விற்கக் கூடாது என்ற நிபந்தனைகளைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம், தோடர் பழங்குடியினரின் பட்டா நிலம் இரண்டின் பக்கமும் போகவே வேண்டாம், அது அந்த மக்களுக்கானது.

இதைத் தாண்டி, இடத்துக்கு இடம் சில விஷயங்கள் இருக்கின்றன.

கூடலூர், பந்தலூர் பக்கம் விலை மலிவாக இருக்கிறதே என்று பார்த்தால் 'செக்ஷன் 17 நிலம்' என்ற பேச்சு வரும். 1969-ம் வருட ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் வருகிற, உரிமைப் பிரச்சினை பல பத்தாண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கிற நிலங்கள் அவை. பட்டா கிடையாது, விற்பவரிடம் இருப்பது அனுபோகம் மட்டும்தான். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிக் கொடுப்பார்கள். அது கிரயம் ஆகாது. தலைமுறையாக அங்கே குடியிருப்பவர்களுடைய நியாயம் வேறு விஷயம், புதிதாகப் போய்ப் பணம் போடுவது வேறு விஷயம்.

மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் பக்கம் யானை வழித்தடம் இருக்கிறது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வழித்தட அறிவிப்பைச் சரியென்று உறுதி செய்துவிட்டது. அந்த வரைபடத்துக்குள் விழுகிற சர்வே எண்ணில் எவ்வளவு அழகான காட்டேஜ் இருந்தாலும் அதை வாங்குவது பணத்தைக் காட்டுக்குள் எறிவதுதான்.

வெலிங்டன் கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்புப் பகுதி) எல்லைக்குள் வருகிற பழைய பங்களாக்களில் நிலம் அரசுடையதாகவும் கட்டடம் மட்டும் தனியாருடையதாகவும் இருக்கலாம். அங்கே கன்டோன்மென்ட் போர்டில் எழுத்துபூர்வமாக விசாரிக்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் தனியார் காடுகள். 1949-ம் வருடச் சட்டத்தின்கீழ் தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட நிலத்தை முன் அனுமதி இல்லாமல் விற்க முடியாது, விற்றாலும் செல்லாது. பட்டா தனியார் பெயரில்தான் இருக்கும், அதனால் பட்டாவை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. தோட்டத்தின் ஓரமாகச் சோலைக் காடு ஒட்டியிருந்தால் வனத்துறை அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து ஒரு மனு போட்டுவிடுங்கள்.

2. ஈசியை நம்புங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்

பதிவுத் துறை இணையதளத்தில் ஈசியை இலவசமாகப் பார்க்கலாம். குறைந்தது முப்பது வருடத்துக்குப் போடுங்கள். 1975-க்கு முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டியிருக்கும். பழைய தோட்டத்து வீடுகளுக்கு இது தேவைப்படும்.

ஈசியில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டும்தான். பதிவு செய்யாத உயில், வாய்ப்பேச்சாக நடந்த பாகப்பிரிவினை, ஏதோ ஒரு கோர்ட்டில் ஓடுகிற வழக்கு, பதிவில்லாமல் பத்திரத்தை வைத்து வாங்கிய கடன், இவை எதுவும் அதில் தெரியாது. வங்கிக் கடன்களைச் சரிபார்க்க 'செர்சாய்' என்ற மத்தியப் பதிவேடு இருக்கிறது, சொற்பக் கட்டணம்தான், ஆன்லைனிலேயே தேடலாம். கோர்ட் வழக்குகளை விற்பவரின் பெயரை வைத்து ஈ-கோர்ட்ஸ் தளத்தில் தேடுங்கள். உதகை, குன்னூர் என்று அந்தந்த ஊர் நீதிமன்றத்திலேயே பழக்கப்பட்ட வக்கீல் ஒருவரைப் பிடித்தால் இன்னும் நல்லது. விற்பவரோ புரோக்கரோ காட்டுகிற வக்கீல் வேண்டாம், உங்கள் வக்கீலை நீங்களே பாருங்கள். லீகல் ஒப்பீனியன் எழுத்தில் வேண்டும். 'எல்லாம் கிளியரா இருக்கு சார்' என்று போனில் சொல்வது ஒப்பீனியன் அல்ல.

ஹட்டிகளிலும் (படுகர் கிராமங்கள்) அதைச் சுற்றியும் வீடு பார்க்கிறவர்கள் கூட்டுப் பட்டாவைக் கட்டாயம் கவனியுங்கள். ஒரே பட்டாவில் அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் என்று பத்துப் பதினைந்து பெயர் இருக்கும். அவரவர் பாகத்தை அவரவர் அனுபவித்துக்கொண்டு ஒற்றுமையாகத்தான் இருப்பார்கள், பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம் இல்லையென்றால் எல்லோருமே கையெழுத்துப் போட வேண்டும். முக்கியமாகப் பெண் பிள்ளைகள். கல்யாணம் ஆகிப் போய்விட்டார்கள், சீர் செய்தாகிவிட்டது, அவர்களுக்குப் பங்கு இல்லை என்று இன்னமும் சொல்கிறார்கள். 2005-ம் வருடத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை. அக்கா தங்கைகள் யாராவது ஒருவர் பின்னால் வழக்குப் போட்டால், பணம் கொடுத்த நீங்கள்தான் கோர்ட் வாசலில் நிற்பீர்கள். வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் நேராகக் கையெழுத்து வருகிறதா என்று டிக் அடித்துப் பாருங்கள்.

உரிமையாளர் கொடுத்த பவர் பத்திரத்தை (அதிகாரப் பத்திரம்) வைத்து ஒருவர் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்யவில்லையா என்று பாருங்கள். வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் ஒரு வீடியோ காலாவது பேசுங்கள். பதிவின்போது அவருடைய உயிர்வாழ் சான்றையும் கேட்பார்கள், அது தயாராக இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. வழி யாருடையது?

எங்களை அதிகம் இழுத்தடித்தது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஜீப் போகிற அளவுக்குப் பாதை இருந்தது. பல வருடமாக எல்லோரும் போய் வருகிற பாதை, பக்கத்து வீட்டுக்காரர்களும் அதில்தான் போகிறார்கள். வங்கியின் வக்கீல் புலப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'இந்தப் பாதை எந்த சர்வே எண்ணில் இருக்கிறது?' பார்த்தால் பாதி தூரம் பஞ்சாயத்துப் பாதை, மீதி பக்கத்து எஸ்டேட்டின் பட்டா நிலம். விற்பவரின் பத்திரத்தில் நான்கு எல்லையும் சரியாக இருந்தது, பாதை உரிமை பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. எஸ்டேட்காரர்கள் நாளைக்கே ஒரு கேட்டைப் போட்டுப் பூட்டினால், வீடு நம்முடையதுதான், போக வழிதான் இருக்காது. கடைசியில் எஸ்டேட் தரப்பிடம் பேசி, பாதை உரிமைக்கென்று தனியாக ஒரு ஆவணம் எழுதிப் பதிவு செய்த பிறகுதான் கடன் நகர்ந்தது. அவர்கள் சம்மதித்தார்கள், அதனால் முடிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: புலப்படத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு, தார் ரோட்டிலிருந்து வீட்டு வாசல் வரை நடங்கள். பாதை எந்தெந்த எண்ணுக்குள் போகிறது என்று குறியுங்கள். பஞ்சாயத்து அல்லது நகராட்சிப் பாதை என்றால் அங்கே பாதைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். தனியார் நிலத்தில் போனால், 'இத்தனை அடி அகலம், வண்டி வாகனங்கள் போய்வர, தண்ணீர்க் குழாய் பதிக்க' என்று தெளிவாக எழுதிய பதிவான உரிமை வேண்டும். 'நடந்து போக' என்று மட்டும் எழுதியிருந்தால் கார் போகும் உரிமை அதில் இல்லை. தண்ணீர்க் குழாயும் பெரும்பாலும் அடுத்தவர் நிலம் வழியாகத்தான் வரும், அதையும் சேர்த்தே கேளுங்கள்.

கையோடு சர்வேயரை வைத்து எல்லை அளந்துவிடுங்கள். சரிவான நிலத்தில் கண்ணால் பார்த்து சென்ட் கணக்குச் சொல்வது நடக்காத காரியம். வேலிக்கும் பத்திரத்துக்கும் பல இடங்களில் ஒத்துப்போகாது. தடுப்புச் சுவரே அடுத்தவர் நிலத்திலோ ஓடைப் புறம்போக்கிலோ நிற்பதும் உண்டு.

4. கட்டடத்துக்கு அனுமதி இருக்கிறதா?

வீடு கட்டி நிற்கிறது, கரண்ட் இருக்கிறது, வீட்டு வரி கட்டுகிறார்கள், அதனால் அனுமதி இருக்கும் என்று நினைக்காதீர்கள். வரி ரசீது அனுமதிக்குச் சாட்சியாகாது. ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கேளுங்கள், அதை வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீலகிரியில் கட்டடத்தின் உயரம் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது. வரைபடத்தில் இரண்டு தளம், நேரில் மூன்று தளம், கேட்டால் 'அது பேஸ்மென்ட்' என்பார்கள். சரிவில் கட்டிய வீட்டில் கீழ்த்தளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரு இன்ஜினியரை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

கிராமப் பகுதிகளில் பெரும்பாலும் ஹாகா விதிகள் வரும். 1990-ல் அமைத்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்தான் ஹாகா. அந்தப் பட்டியலில் உள்ள கிராமத்தில் புதிதாகக் கட்டவோ மனை பிரிக்கவோ வனத்துறை, புவியியல் சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை என்று பல இடத்தில் கருத்துரை வாங்க வேண்டும். 'வாங்கிப் போடுங்கள், பின்னாடி ஒரு ரூம் எடுத்துக்கொள்ளலாம்' என்ற பேச்சை நம்பி விலையை ஏற்றிக் கொடுக்காதீர்கள். ஜேசிபி கொண்டு மண் வெட்டவும், போர் போடவும், மரம் வெட்டவும் அனுமதி தேவை, அது உங்கள் சொந்த நிலமாக இருந்தாலும் சரி.

தேயிலைத் தோட்டத்தை ஐந்து சென்ட், பத்து சென்டாகப் பிரித்து விற்பவர்களிடம் மனைப்பிரிவு ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். இல்லையென்றால் மேலே போகாதீர்கள். அங்கீகாரமில்லாத மனையைப் பதிவு செய்யத் தடை இருப்பதால், தோட்டமாகவே காட்டிப் பதிந்து தருகிறோம் என்பார்கள். அதில் உங்களால் சட்டப்படி வீடு கட்ட முடியாது, வீட்டுக் கடனும் கிடைக்காது.

கொடைக்கானலில் அனுமதியில்லாத கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைத்தது எல்லோருக்கும் தெரியும். சீல் வைக்கும்போது யார் கட்டியது என்று பார்ப்பதில்லை, யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அகப்படுவார்.

5. மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை

முடிந்தால் அக்டோபர், நவம்பர் மழையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, மஞ்சூர் பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மாவட்ட நிர்வாகத்திடம் அபாயகரமான இடங்களின் பட்டியலே இருக்கிறது, 283 இடங்கள். நீங்கள் பார்க்கிற வீடு அதில் வருகிறதா என்று தாலுகா அலுவலகத்தில் கேட்பதற்கு ஒரு பைசா செலவில்லை.

வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டிய இடத்தைப் பாருங்கள். தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் இருக்கிறதா, சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா, மேலே உள்ள மரங்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறதா, தரையில் நீளமான விரிசல் ஓடுகிறதா? புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் என்றால் கையை வைத்துப் பாருங்கள், ஈரம் தெரிந்துவிடும்.

கோடையில் போவது தண்ணீருக்காக. ஊற்றா, கிணறா, நகராட்சிக் குழாயா, ஏப்ரலில் வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறது என்று அக்கம்பக்கத்து வீட்டு அம்மாக்களிடம் கேளுங்கள், சரியான பதில் அவர்களிடம்தான் கிடைக்கும். வெளியூர் வண்டியில் வருவதென்றால் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள், 2024 மே முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம்.

6. கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் விலை 60 லட்சம்.

முத்திரைத் தீர்வை 5 சதவீதம், மாற்றுத் தீர்வை 2 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9 சதவீதம். அதாவது 5 லட்சத்து 40 ஆயிரம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இந்த விலையைவிட அதிகமாக இருந்தால் அதன்மேல்தான் கட்ட வேண்டும். 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, மலையில் இந்த விலைக்கு வீடு கிடைப்பது அபூர்வம் என்றாலும் சின்னப் பாகம் வாங்குகிறவர்களுக்கு உதவும்.

வங்கி முழுப் பணமும் தராது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம்தான் உச்ச வரம்பு. பத்திரச் செலவுகளை இந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். ஆக 60 லட்சத்துக்கு அதிகபட்சம் 48 லட்சம் கடன். மீதி 12 லட்சம், பத்திரச் செலவு 5.4 லட்சம், இதுவே 17 லட்சத்து 40 ஆயிரம் ஆகிவிட்டது. வக்கீல், சர்வேயர், வங்கியின் மதிப்பீட்டாளர், கடன் அடமானப் பதிவு, புரோக்கர் கமிஷன் எல்லாம் இதற்கு மேல். இன்னொன்று, வங்கி மதிப்பீட்டாளர் போடுகிற விலை நீங்கள் பேசிய விலையைவிடக் குறைவாக வருவது மலையில் சர்வசாதாரணம். அப்போது கடனும் குறையும். இருபது லட்சத்தையாவது கையில் வைத்துக்கொண்டு பேச்சை ஆரம்பியுங்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவர் சார்பில் பிடிக்கும் வருமான வரி) பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். இது கூடுதல் செலவல்ல, விற்பவருக்குக் கொடுக்கிற பணத்திலிருந்து 60 ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு, பிடித்த மாதம் முடிந்து 30 நாட்களுக்குள் கட்டிவிட வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும்போதே பிடிக்க வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கு பொருந்தாது, பிடிக்க வேண்டிய தொகை மிக அதிகம். ஆடிட்டரைப் பார்க்காமல் பணத்தை அனுப்பாதீர்கள், பிடிக்காமல் விட்டால் வருமான வரித் துறை உங்களிடம்தான் வரும்.

பாதியைக் கறுப்பில் கொடுங்கள், பத்திரச் செலவு மிச்சம் என்பார்கள். வேண்டாம். சொத்து விற்பனையில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே தடை இருக்கிறது. விவகாரம் வந்தால் கொடுத்த பணத்துக்கு ஆதாரம் இருக்காது. நாளைக்கு நீங்கள் விற்கும்போது லாபம் அதிகமாகத் தெரிந்து அதற்கும் வரி வரும்.

7. அக்ரிமெண்ட்

முதல் ஐந்து தலைப்புகளில் சொன்னதையெல்லாம் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ். 'இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க, இன்னைக்கே டோக்கன் போடுங்க' என்று அவசரப்படுத்துவார்கள். அந்த இன்னொரு பார்ட்டி பெரும்பாலும் இருக்கவே மாட்டார்.

அக்ரிமெண்டைப் பதிவு செய்யுங்கள். தவணை மூன்று மாதமாவது கேளுங்கள், மலையில் வங்கியின் சட்டப் பரிசோதனையும் மதிப்பீடும் மெதுவாகத்தான் நடக்கும், இடையில் மழை வந்தால் சர்வேயர் வருவதும் தள்ளிப்போகும். இரண்டு வரிகள் அதில் கட்டாயம் இருக்க வேண்டும்: பட்டா, பாதை, கட்டட அனுமதி இவற்றில் குறை இருந்து வங்கி கடன் மறுத்தால் அட்வான்ஸ் முழுவதும் இத்தனை நாளில் திரும்ப வர வேண்டும் என்பது ஒன்று. குடியிருக்கும் வாடகைக்காரர், தோட்டத் தொழிலாளர் யாராக இருந்தாலும் பதிவுக்கு முன் விற்பவரே பேசி முடித்து, காலி வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்பது இன்னொன்று. லைன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) பல காலமாக இருக்கும் குடும்பத்தைக் கிளப்பி விட்டுவிட்டு நீங்கள் குடியேறும்படி ஆகிவிடக் கூடாது, அது சட்டத்துக்கும் நல்லதல்ல, மனசுக்கும் நல்லதல்ல.

8. பதிவு அன்று

டோக்கனை ஆன்லைனில் முன்பதிவு செய்யலாம். முதல் நாள் சாயங்காலம் ஈசியை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள், இடையில் ஏதாவது ஏறியிருக்கலாம். பத்திர வரைவை நீங்களே வாசியுங்கள், சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லை, பாதை உரிமை, தண்ணீர் உரிமை எல்லாம் சொத்து விவரத்தில் வந்திருக்க வேண்டும். ஒரு எண் தப்பினால் பிழைத்திருத்தப் பத்திரத்துக்கு விற்பவரை மறுபடியும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். பழைய ஒரிஜினல் பத்திரங்கள் முழுவதையும் அன்றே கையில் வாங்குங்கள். தொலைந்துவிட்டது என்றால், போலீசில் புகார் கொடுத்து வாங்கிய சான்றும் பத்திரிகை விளம்பரமும் வேண்டும், இதைப் பதிவு நாளில் கேட்காமல் அக்ரிமெண்ட் சமயத்திலேயே கேட்டுவிடுங்கள்.

9. பதிவுக்குப் பிறகு

சாவி வந்ததும் பலர் பட்டாவை மறந்துவிடுகிறார்கள். முழு சர்வே எண்ணையும் வாங்கியிருந்தால் பெயர் மாற்றம் சீக்கிரம் நடக்கும். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளந்தாக வேண்டும், விண்ணப்ப எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போய் விசாரித்துக்கொண்டே இருங்கள். வீட்டு வரி, மின் இணைப்பு, தண்ணீர்க் கட்டணம் மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், விற்பவரின் பழைய பாக்கி இருந்தால் அப்போதுதான் வெளியே வரும், அதனால் கடைசி ரசீதுகளைப் பதிவுக்கு முன்பே வாங்கி வைத்திருப்பது நல்லது. பட்டா உங்கள் பெயரில் வந்த பிறகு ஒரு ஈசி போட்டு, உங்கள் கிரயமும் வங்கியின் அடமானமும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பிரதியையும் பத்திரக் கோப்பில் வையுங்கள். கடன் முடிந்த பிறகு வங்கி ஒரிஜினல்களைத் திருப்பிக் கொடுப்பதோடு அடமானத்தை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தையும் பதிவு செய்து தர வேண்டும். அதைக் கேட்டு வாங்காவிட்டால், கட்டி முடித்த கடன் ஈசியில் அப்படியே நிற்கும்.